சந்தனப் பச்சை

மதுரையில் இப்போதெல்லாம் யாரும் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அங்கே தோலுக்கடியில் பொட்டு அளவில் ஈரல்வில்லை இருக்கிறது. பச்சை என்றால் ஈரல் நலம். சிவப்பு என்றால் திணறுகிறது, வில்லையிலிருந்து மருந்து இறங்கிக்கொண்டிருக்கிறது.

அதைச் செய்த மங்கையர்க்கரசிக்கு அன்று பாராட்டு விழா. திடமும் இல்லாமல் நீரும் இல்லாமல் இருக்கும் திரவப் படிகத்தை, ரத்தத்தில் பித்த உப்பு கூடினால் முறுக்கிக்கொள்ளும்படி பழக்கியவர். முறுக்கினால் நிறம் மாறும், மருந்துக் கதவும் திறக்கும். ஈரல் சுருங்கிவிட்டது, பிழைக்கமாட்டார் என்று கைவிடப்பட்டவர்கள் இன்று கடைத்தெருவில் பேரம் பேசுகிறார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டிய மூளை!

முன்வரிசையில் கணவர் பூமிநாதன், முகமெல்லாம் பெருமை. வில்லையைச் சுற்றி வழக்கம்போல் ஈரச் சந்தனம். இரண்டு வருடமாக வேளைக்கு வேளை அரைத்துப் பூசிக்கொள்கிறார். பக்தி முற்றிவிட்டது என்று மனைவி கேலி செய்வதுண்டு.

மாலை போட வந்தவர் மூட்டை தூக்கும் அற்புதராஜ். சிகிச்சையில் இருப்பவர், வில்லை சிவந்திருந்தது. மேடையோரம் நீட்டிய சந்தனத்தை, புழுக்கம் தாங்காமல் கைநிறைய அள்ளி மணிக்கட்டில் அப்பிக்கொண்டு ஏறினார். மாலை போடுவதற்குள் வில்லை பச்சையானது.

"அம்மா பக்கத்துல போனதுமே கொணமாயிருச்சு பாருங்கய்யா!" யாரோ கத்த, கூட்டம் கைதட்டியது.

மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. சந்தனத்தைத் துடைத்து, அவர் கையைத் தன் உள்ளங்கைகளுக்குள் பொத்தினார். சூடேறியதும் மறுபடி சிவப்பு.

குளிர்! ஆய்வுக்கூடத்தில் என்னென்னவோ பூசிச் சோதித்தார்கள், விழாவுக்கு விழா பூசும் சந்தனத்தை மறந்துபோனார்கள். குளிர்ந்தால் படிகம் முறுக்கவிழ்ந்து பச்சை காட்டும். மருந்துக் கதவும் மூடிக்கொள்ளும்.

அவர் கண் கணவரின் சந்தனம் பூசிய மணிக்கட்டுக்குப் போனது. மாலையோடு மேடையிறங்கி நேரே முன்வரிசைக்குப் போனார்.

"ஏங்க, கையைக் குடுங்க."

"சபையில என்ன இது? விடு அரசி."

விடவில்லை. துடைத்துப் பொத்திவைத்துத் திறந்தார். சிவப்பு, நாவற்பழம்போலக் கறுத்த சிவப்பு.

"தெரிஞ்சேதான் பூசுனீங்களா?"

பூமிநாதன் தலைகுனிந்தார். "மருந்து நிக்கும்னு தெரியாதும்மா. ஊர் ஈரலையெல்லாம் காப்பாத்துனவ நீ. உன் வீட்லயே செவப்புன்னா உன்னைய என்ன பேசுவாங்க?"

மேடையில் அடுத்த பேச்சாளர் மங்கையர்க்கரசியைப் புகழத் தொடங்கியிருந்தார். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. கணவர் கையைச் சூடு ஆறாமல் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடம் தாமதமாக மருந்து இறங்கத் தொடங்கியது.