ரெமி பிடித்த மைக்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, அந்தப் பழைய கிளப் ஹால் வாசலில் ஜட்கா வண்டியிலிருந்து ஆம்பிளிஃபயரை இறக்கினேன். அதே ஹால், அதே செட், அதே மைக். ஒரு வருஷமாகப் பெட்டியில் பூட்டி வைத்திருந்த மைக்கை மௌரீன் என்ற பெண் கெஞ்சிக் கெஞ்சியே வெளியே எடுக்க வைத்துவிட்டாள்.

ஆஸ்டின் டவுனில் எனக்கு மைக் செட் கடை. ஜெயராமன் என்றால் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், கட்சிக் கூட்டம், மாதா கோயில் திருவிழா, எதற்கும் போவேன். 1964-இல் கண்டோன்மென்ட் பையன்கள் முடியை வளர்த்துக்கொண்டு கிதாரோடு கிளம்பியபோது அவர்களுக்கும் நான்தான் செட் போட்டேன். அவர்களில் ரெமிஜியஸ் என்கிற ரெமி பாட வந்தால் பெண்கள் நாற்காலிமேல் ஏறி நின்று கத்துவார்கள். அந்தப் பாட்டு எனக்குத் தலைவலி. ஆனால் பையன் தங்கமானவன்.

அடுத்த வருஷமே, இருபத்திரண்டு வயதில், இதே மேடையில் பாடிக்கொண்டிருந்தபோது விழுந்து செத்தான். ஹார்ட் என்றார்கள்.

செத்த பிறகு அவனுக்குக் கூட்டம் இரண்டு மடங்காகிவிட்டது. கல்லறை மண்ணைப் பொட்டலம் கட்டித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்களாம். பிரிஜெட் என்ற பெண்ணிடம் அவனுடைய சீப்பு இருக்கிறது. டைப்பிஸ்ட் மௌரீன் கழுத்துச் சங்கிலியில் அவன் சட்டைப் பொத்தான். அவன் உயிரோடு இருந்தவரை இவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இவள் பெயர்கூட அவனுக்குத் தெரியாது.

அந்த ஞாயிறு முதல் வருஷ நினைவு நாள். அவன் விழுந்த நேரமான பதினொன்று பத்துக்கு எல்லோரும் மௌனமாக நிற்க வேண்டும். பிறகு அவன் மைக்கைப் பிடித்து மௌரீன் பாட வேண்டும். செட் தரமாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே!

ஏனென்றால் அது ஹார்ட் இல்லை.

பழைய செட்டில் இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகிவிட்டால் ஆம்பிளிஃபயர் தகரத்தில் கரண்ட் இறங்கும். மைக் வரைக்கும் போகும். அதனால் பாடுகிறவன் கையில் கொடுக்குமுன் மைக் செட்காரன் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பான். சுர்ரென்றால் பிளக்கைத் திருப்பிப் போடுவான். ரெமி செத்த அன்று நான் டீயும் பன்னும் சாப்பிடப் போய், தாமதமாக ஓடிவந்து, அவசரத்தில் தொட்டுப் பார்க்கவில்லை. அவன் விழுந்ததும், யாருக்கும் தெரியாமல் இருக்க, முதலில் பிளக்கைத்தான் பிடுங்கினேன். அப்புறம்தான் அவனைப் பார்த்தேன். வெட்கங்கெட்ட புத்தி.

இந்த முறை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

பதினொன்று பத்து. வந்திருந்த நாற்பது பேரும் எழுந்து நின்றார்கள். ஜன்னலில் நல்ல வெயில். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அதுவும் இல்லை.

மயிர் பொசுங்கும் நாற்றம் வந்தது.

ஸ்பீக்கரில் யாரோ மூச்சு விட்டார்கள்.

மைக் பக்கத்தில் ஆள் இல்லை.

“மௌரீன்...”

ரெமியின் குரல்தான். எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். மௌரீன் மேடையை நோக்கி நடந்தாள். நான் பாய்ந்துபோய் மைக்கைப் புறங்கையால் தொட்டேன். தூக்கி எறிந்தது. தவழ்ந்துபோய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

“மௌரீன், கிட்டே வா.”

பிளக் என் கையில் இருந்தது.

ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்றேன். “தொடாதேம்மா! கரண்ட் இருக்குது!”

“நகருங்க அங்கிள்,” என்றாள் மெதுவாக. “அவருக்கு என் பேரு தெரிஞ்சிருக்கு.”

அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, கரண்ட்டுக்கெல்லாம் இவள் பயப்படமாட்டாள். என்னிடம் மிச்சம் இருந்தது ஒன்றுதான்.

“அவன் ஹார்ட்ல சாகலேம்மா. இந்த மைக்தான் கொன்னுச்சு. நான் செக் பண்ணாம குடுத்துட்டேன். நான்தான் கொன்னேன்.”

ஸ்பீக்கர் அடங்கிவிட்டது. மௌரீன் அப்படியே நின்றாள். மேடைத் திரையைக் கிழித்து மைக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியேறினேன். யாரும் தடுக்கவில்லை. அவள் பிழைத்தாள் என்ற நினைப்பில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் போலீஸ் வரும் என்று கடை வாசலில் காத்திருந்தேன். மைக்கின் வயரை நறுக்கி, பெட்டியில் பூட்டி, உள்ளே வைத்திருந்தேன். சாவி என் இடுப்பில் இருந்தது.

போலீஸ் வரவில்லை. அந்த நாற்பது பேர் வந்தார்கள். கையில் கல் இருக்கும் என்று பார்த்தேன். பூ இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக நின்றார்கள். முதலில் மௌரீன்.

“கடைசியா அவர் தொட்டது அதுதானே அங்கிள்,” என்றாள். குரலில் கொஞ்சமும் கோபமில்லை. “நாங்க எல்லாரும் ஒருதரம் பிடிக்கணும். ப்ளீஸ்.”

“பைத்தியமா உங்களுக்கு? வயரை அறுத்துப் போட்டுட்டேன். வீட்டுக்குப் போங்க!”

“வயர் வேணாம் அங்கிள். சும்மா பிடிச்சாப் போதும்.”

இரண்டு கைகளையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். என் முதுகுக்குப் பின்னால், கடைக்குள்ளேயிருந்து, அந்தக் குரல் நிதானமாகக் கூப்பிட்டது.

“மௌரீன்.”

“வர்றேன் ரெமி,” என்று என் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டாள்.

பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்புவதற்குள் அவள் விழும் சத்தமும் கேட்டது.

வரிசையில் ஒருவர்கூட அசையவில்லை.

அந்தக் குரல் பிரிஜெட்டைக் கூப்பிட்டது.