கடைசிப் பெட்டியின் விளக்கு

மாலை ஆறே முக்காலுக்குப் பழைய ரயில்வே டோக்கன் பெட்டியின் மணி ஒரு தடவை அடித்தது. பெட்டியின் முதுகிலிருந்து வரும் கம்பிகள் இரண்டும் ஒரு சாண் நீளத்தில் வெட்டப்பட்டு எலிவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. எதிலும் சேராத கம்பிகள். அதைக் காட்டித்தான் வாங்கும்போது திருச்செல்வம் விலையைப் பாதியாக்கியிருந்தான்.

சுங்கை மெராந்தியில் பழைய சாமான் என்றால் அவன் கடைதான். இரட்டைத் தண்டவாளமும் மின்கம்பியும் வந்து, வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணாடியும் மின்படிக்கட்டுமாகப் புது ஸ்டேஷன் எழுந்த பிறகு, இந்தப் பக்கத்துப் பலகை ஸ்டேஷனை இடிக்க மறந்துவிட்டார்கள். மறந்ததை அவன் வாடகைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டான். டிக்கெட் கொடுத்த அறையில் இப்போது பீங்கான் கோப்பைகள், ரப்பர்பால் பிடிக்கும் மங்குக் கிண்ணங்கள், ஓடாத கடிகாரங்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் ஜோடிகள் துருவைத் தடவிப் பார்த்து "சோ நைஸ்" என்பார்கள். துருவுக்கு விலை சொல்லத் தெரிந்தவன் பட்டினி கிடக்கமாட்டான்.

டோக்கன் பெட்டி நெஞ்சளவு உயரம். சிவப்பு இரும்பு. முகத்தில் கடிகாரம் போல ஒரு வட்டம், அதில் ஒரே ஒரு முள், தலையில் மணி, பக்கத்தில் விரலால் அழுத்த ஒரு பித்தளைக் குமிழ். மழை விட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டும் நீரும், வேலிக்கு அப்பால் செம்பனைத் தோப்பிலிருந்து வரும் ஈர மண்ணும் அழுகிய பழமும் கலந்த வாடையும், எங்கோ சூராவ் தொழுகைக்கூடத்தில் ஒலிபெருக்கியைத் தட்டிச் சரிபார்க்கும் சத்தமும் சேர்ந்து அறைக்குள் நிறைந்திருந்தன. அந்த நிறைவுக்கு நடுவில் அந்த ஒரு மணி மட்டும் சுத்தமாக, கழுவித் துடைத்த மாதிரி ஒலித்தது.

பல்லியாக இருக்கும் என்று நினைத்தான். ஆனாலும் எழுந்து போனான். அவன் அப்பா கோத்தா திங்கி சந்தையில் துணி விற்றவர். "கேட்டவனுக்குப் பதில் சொல்லு, இல்லைன்னாவது சொல்லு. வாயைத் திறக்காத வியாபாரி கடையைத் திறக்கக் கூடாது" என்பார். முப்பது வருஷத்தில் எந்தக் கேள்விக்கும் அவன் சும்மா இருந்ததில்லை. விளையாட்டாகக் குமிழை ஒரு தடவை அழுத்தினான்.

உடனே மூன்று அடி வந்தது. டிங். டிங். டிங்.

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் கை நிற்கவில்லை. பேரம் பாதியில் நின்றால் அதற்குப் பிடிக்காது. கையும் குமிழை மூன்று தடவை அழுத்தியது. வட்டத்துக்குள் செத்துக் கிடந்த முள் மெதுவாக இடப்பக்கம் சாய்ந்து, நடுங்கி, அங்கேயே நின்றது.

"யாரு அடிச்சது?"

வாசலில் ஐயாசாமி. எழுபத்து நாலு வயது. இந்த ஸ்டேஷனில் முப்பத்தொரு வருஷம் சிக்னல் வேலை பார்த்தவர். தினமும் இந்த நேரத்துக்குக் பால் விடாத கோப்பி ஓ குடிக்க வருவார். வந்தால் டோக்கன் பெட்டிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். இன்றைக்கு உட்காரவில்லை.

"நான்தாண்ணே. உங்க பெட்டிக்கு உயிர் வந்திருச்சு. வெலைய ஏத்திற வேண்டியதுதான்."

"நீயா அடிச்சியா, வந்ததுக்குத் திருப்பி அடிச்சியா?"

"திருப்பித்தான். மொதல்ல ஒண்ணு, அப்புறம் மூணு."

ஐயாசாமி குடையைச் சுவரில் சாய்த்தார். அது விழுந்தது. அவர் எடுக்கவில்லை.

"அந்தக் காலத்துல ஒரே தண்டவாளம், செல்வம். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான். அந்த ஸ்டேஷன்காரன் மூணு அடிச்சா, வண்டி அனுப்பட்டுமான்னு கேக்குறான். நீ மூணு திருப்பி அடிச்சா, அனுப்புன்னு அர்த்தம். அப்புறம் நீயே நெனைச்சாலும் மாத்த முடியாது."

"எந்த ஸ்டேஷன்காரன்?"

"புக்கிட் செராயா."

புக்கிட் செராயாவில் ஸ்டேஷன் கிடையாது. தெற்கே அடுத்த ஸ்டேஷனாக ஒரு காலத்தில் இருந்தது. இப்போது அங்கே காடுதான். ரயில் போகும்போது ஜன்னல் வழியாக ஒரு சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டியும் அதன்மேல் ஏறிய கொடியும் தெரியும், அவ்வளவே.

மணி இரண்டு தடவை அடித்தது.

"கிளம்பிருச்சு" என்றார் ஐயாசாமி.

திருச்செல்வம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், ஓடுகிற ஒரே கடிகாரம் அது. ஏழு அடிக்க ஐந்து நிமிடம். அவன் மகள் லோஷினி தெப்ராவில் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை ரயிலில் வருவாள். ஏழு ஐந்துக்கு இறங்குவாள். வேலியோரமாக நடந்து வந்து "பா, இன்னிக்கு யாரை ஏமாத்துனீங்க?" என்பாள். தாயில்லாத பெண், ஒரே பெண். அந்த ரயில் வருவதும் புக்கிட் செராயாவைத் தாண்டித்தான்.

ஃபோன் அதிர்ந்தது. அவளேதான்.

'பா வண்டி நின்னுருச்சு. காட்டு நடுவுல. லைட் இல்ல ஏர்கான் இல்ல. அலமாக்.'

அடுத்து ஒன்று.

'மூச்சு முட்டுது லா. பின்னாடி கடைசிப் பெட்டிக்கு வந்துட்டேன். இங்க ஜன்னல் எல்லாம் திறந்திருக்கு, நல்ல காத்து. கவலைப்படாதீங்க.'

அவன் அதை உரக்கப் படித்தான், பாதிதான். "நின்னுருச்சாம்ணே. நடுவுலயாம்." ஃபோனை நீட்டிக் காட்டினான். "இப்ப என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யாதே. உள்ள வந்தது வெளிய வரட்டும். அது இந்த ஸ்டேஷனுக்கு வந்து, கடைசிப் பெட்டியில செவப்பு விளக்கு எரியுறத நீ உன் கண்ணால பாக்கணும். பாத்த பெறகு ரெண்டு அடிச்சு, நிறுத்தி, ஒண்ணு. அப்படின்னா வண்டி முழுசா வந்துருச்சு, லைன் காலின்னு அர்த்தம். பாக்காம அடிக்கவே கூடாது."

"பாக்காம அடிச்சா?"

ஐயாசாமி நாற்காலியில் உட்கார்ந்தார். முதன்முறையாகப் பெட்டிக்கு முகம் காட்டி.

"நான் அடிச்சிருக்கேன்" என்றார். "இதே மாதிரி மழை. சரக்கு வண்டி, பின்னால ஒரே ஒரு ஆள் பெட்டி கோத்திருந்துச்சு. எஸ்டேட் சனம், திருவிழாவுக்குப் போயிட்டு வந்தவங்க. சட்டை நனையும்னு நான் பிளாட்பாரத்துக்குப் போகல. சத்தம் தாண்டுச்சு, அடிச்சிட்டேன். ரெண்டு, ஒண்ணு. அப்புறந்தான் தெரிஞ்சுது, கடைசிப் பெட்டி அறுந்து பின்னாலயே நின்னுருச்சு. அதுக்குள்ள அடுத்த வண்டியும் கிளம்பிருச்சு."

"மோதிருச்சா?"

"மோதியிருந்தா தூக்கு மாட்டிக்கிட்டுப் போயிருப்பேன். மோதல, தம்பி. அந்த வண்டி வழியில ஒண்ணுமே பாக்காம வந்து சேந்துச்சு. லைன் காலியாத்தான் இருந்துச்சு. பெட்டியும் இல்ல, சனமும் இல்ல. காலின்னு நான் சொன்னேன்ல. காலியாயிருச்சு."

தகரத்திலிருந்து சொட்டுவது நின்றிருந்தது. தவளைகளும் கத்தவில்லை. தரைப் பலகைகளுக்கு அடியில், மிக லேசாக, ஏதோ கனமானது தொலைவில் உருள்வதுபோல ஓர் அதிர்வு. கண்ணாடி அலமாரியில் பீங்கான் கோப்பைகள் ஒன்றையொன்று தொட்டுக் கிணுகிணுத்தன. சூடேறிய பிரேக்கின் வாடை வந்தது. கூடவே மல்லிகைப்பூ, திருநீறு, நெரிசலில் நின்றவர்களின் வியர்வை.

திருச்செல்வம் கணக்காகத்தான் யோசித்தான். அவனுக்கு வேறு விதமாக யோசிக்கத் தெரியாது. அவள் ரயிலுக்கு முன்னால் ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. காலி என்று சொன்னால் காலியாகிவிடும். சரக்கைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லையா அவன்? நூறு தடவை போட்டிருக்கிறான். என்ன கெட்டுவிட்டது?

"செல்வம், வேணாம்."

கிழவரின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. உதறினான். டிங், டிங். நிறுத்தினான். டிங்.

முள் நடுவுக்கு வந்தது. தரையின் அதிர்வு அறுந்தது.

நாலு நிமிடத்தில் புது ஸ்டேஷனில் பெண் குரல் அறிவிப்புச் செய்தது. தெற்கே வெளிச்சம் தெரிந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக மாலை ரயில் வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. ஆறு பெட்டி. கடைசிப் பெட்டியின் முதுகில் இரண்டு சிவப்பு விளக்கு, பளிச்சென்று. திருச்செல்வம் பழைய பிளாட்பாரத்தில் நின்று வேலி வழியாக அதைப் பார்த்துச் சிரித்தேவிட்டான்.

"பாத்தீங்களாண்ணே? வெளக்கு ரெண்டு. போனசு."

ஆட்கள் இறங்கினார்கள். பை, குடை, குழந்தை, தொப்பி போட்ட மலாய்க் கிழவர். மின்படிக்கட்டு அவர்களை ஒவ்வொருவராக மேலே கொண்டுபோனது. லோஷினி இல்லை. கதவுகள் மூடின. ரயில் கிளம்பி அவனைக் கடந்தது. பெட்டி பெட்டியாக, ஒரே நீளக் கண்ணாடியாக, இறுக்கி மூடிய ஜன்னல்கள்.

அந்த ரயிலில் திறக்கிற ஜன்னலே கிடையாது.

ஃபோனை எடுத்து மறுபடியும் படித்தான். *இங்க ஜன்னல் எல்லாம் திறந்திருக்கு.* விரல் வழுக்கியது. அழைத்தான். மணி போனது. எடுத்தாள்.

"பா?" காற்று சத்தம். நிறையப் பேர் மெல்லப் பேசும் சத்தம். "முன்னாடி வண்டி போயிருச்சு போல. நாங்க மட்டும் நிக்கிறோம்."

"நாங்கன்னா யாரும்மா?"

"இங்க இருக்கவங்க. நல்லவங்கதான். சுண்டல் குடுத்தாங்க. ஆனா ஏன்பா யாரும் கண்ணச் சிமிட்ட மாட்றாங்க?"

உள்ளே மணி அடித்தது. ஒன்று.

அவன் ஓடினான். ஒன்று திருப்பி அடித்தான். மூன்று வந்தது. மூன்று அடித்தான், விரல் வெளுக்க. முள் இடப்பக்கம் சாய்ந்தது. இரண்டு வந்தது.

"இந்தத் தடவை பாக்குறேன்" என்றான் ஐயாசாமியிடம். "விளக்கைப் பாக்குறேன். அவ இறங்குறதப் பாக்குறேன். அப்புறந்தான் அடிப்பேன். நீங்க இதத் தொடாதீங்க. கும்புடுறேன், தொடாதீங்க."

ஐயாசாமி தலையாட்டினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

பிளாட்பாரத்தின் கீழே பழைய பாதை. தண்டவாளத்தைப் பெயர்த்து எத்தனையோ வருஷம். இடுப்பளவு லாலாங் புல் மட்டும், மழையில் நனைந்து, அசையாமல். வானத்தில் கடைசிச் சாம்பல் வெளிச்சம். ஃபோனைக் காதில் வைக்கவில்லை. ஒலியைப் பெரிதாக்கி முன்னால் நீட்டிப் பிடித்திருந்தான்.

"கிளம்பிருச்சுபா."

"சரிம்மா. நான் இங்கதான் நிக்கிறேன்."

தெற்கே புல் படுத்தது. இரண்டு கோடுகளாக. நேராக. இணையாக. கோடுகள் நீண்டன. அவனை நோக்கி.

சத்தம் இல்லை. பெட்டியும் இல்லை. வாடை மட்டும். மல்லிகை. பிரேக். வியர்வை.

"உங்க கடை வெளிச்சம் தெரியுதுபா."

ஆள் உயரத்துக்கு மேலே, ஒன்றுமில்லாத காற்றில், ஒரு சின்ன வெளிச்சம். ஃபோன் திரை. அதன் நீலத்தில் அவள் முகம். அவள் முகத்தைச் சுற்றி முகங்கள். தோளுக்கு மேல். கைக்கு அடியில். ஜன்னலளவுக்குள் எத்தனை முடியுமோ அத்தனை. எல்லாம் இந்தப் பக்கம் பார்த்தபடி.

படுத்த கோடுகள் அவன் காலடியில் வந்து நின்றன.

"பா, இங்க ஒருத்தர் கேக்குறாரு." அவள் குரல் ஃபோனிலும் நேரிலுமாக இரண்டு தடவை கேட்டது. "சிக்னல்ல ஐயாசாமி இன்னும் வேலையில இருக்காரான்னு."

கடைக்குள் ஐயாசாமியின் நாற்காலி விழுந்தது.

"அண்ணே," என்றான் திருச்செல்வம், திரும்பாமல். "வேணாம்ணே. அவ இறங்கல. இன்னும் இறங்கல."

கை நீட்டினான். அவளும் நீட்டினாள். விரல் நுனிகள். ஈரம். குளிர்.

டிங். டிங்.

நிறுத்தம்.

டிங்.

"பா, ஏன் வண்டி பின்னாடி போகுது?"

படுத்த புல் அவன் காலடியிலிருந்து எழ ஆரம்பித்தது, ஒவ்வொரு தாளாக, தெற்கு நோக்கி. நீல வெளிச்சம் விலகியது. முகங்கள் விலகின. ஒன்றுகூடக் கண் சிமிட்டவில்லை. செம்பனைகளுக்கு நடுவே அது சின்னதாகி, சின்னதாகி, ஒரு புள்ளியாகும்வரை அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கடைசிவரைக்கும் சிவப்பாக எதுவும் எரியவில்லை.