குலுக்கி எடுத்த பெயர்

"பூனை பேர் என்ன?" என்று வரவேற்பு மேசையில் இருந்தவள் வழக்கம்போலக் கேட்டாள்.

"ஞாவிரி," என்றாள் கூடையோடு வந்த பெண்.

கேட்டவளின் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போனது. எட்டாம் மாதம். ஊர் உலகத்தில் வேறு யாருக்கும் இருக்கக் கூடாது என்று அவளும் கணவனும் துண்டுக் காகிதங்களில் எழுத்துகளை எழுதி, குலுக்கி எடுத்துக் குழந்தைக்கென்று கோத்த பெயர் அது. மூன்றாம் மனிதர் காதுக்குப் போகவில்லை.

அந்த விலங்கு மருத்துவமனையில் ஆட்களைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. பிராணியின் பெயரைச் சொல்லி, "உள்ள வா" என்று அவள்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள். பூனை தலையைத் தூக்கிப் பார்த்தது. வெறும் சளிதான். ஆனாலும் கூடை காலியாகத் திரும்பியது.

மறுநாள் மதியம், பினாயிலும் நனைந்த ரோமமும் கலந்த வாடையில், மின்விசிறி கடகடவென்று தலைக்கு மேல் ஆட, ஒரு பெரியவர் கிழட்டு நாயோடு உட்கார்ந்திருந்தார். அதற்கும் அதே பெயர்.

"இந்தப் பேர் எங்கேர்ந்து கெடச்சதுங்கய்யா?"

"என் சம்சாரம் பேரும்மா. அவ பொறந்த ஊருக்கும் அதான் பேரு. அணை கட்டினப்ப ஊரு தண்ணிக்குள்ள போயிருச்சு. கொஞ்ச நாள்லயே அவளும் போயிட்டா. மிச்சம் இவ ஒருத்திதான்."

கூப்பிடவே கூடாது என்றிருந்தாள். டாக்டர் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினார். கூப்பிட்டாள். நாய் வாலாட்டிக்கொண்டே போனது. பெரியவர் சங்கிலியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு தனியாக வெளியே வந்தார்.

"வேற பேர் வெச்சிடலாங்க," என்று வீட்டில் அழுதாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்," என்று சிரித்தான் கணவன். "இனிமே மாத்தினா பாப்பா ஒத்துக்குமா? பாரு." வயிற்றருகே குனிந்து, "ஞாவிரி," என்றான்.

உள்ளிருந்து ஓர் உதை. குழந்தை தன் பெயரைக் கற்றுக்கொண்டுவிட்டது.

அடுத்த நாள் சாயங்காலம் டாக்டர் சீக்கிரமே கிளம்பிவிட்டார். அவள் உள்ளறை விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டினாள். விசிறியை நிறுத்தினாள். நாற்காலிகள் காலி. பினாயில் வாடைக்கு அடியில் வேறொரு வாடை. சேறு. தேங்கிய தண்ணீர்.

பூட்டிய கதவுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பிறகு ஒரு குரல். அவளுடைய குரல். தினமும் கூப்பிடுகிற அதே கனிவு.

"ஞாவிரி. உள்ள வா."

இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்தினாள். காது. குழந்தையின் காது எந்தப் பக்கம்?

உள்ளே அது திரும்பியது. மெதுவாக. கதவின் பக்கம்.

கால்கள் வழியே வெதுவெதுப்பாக நீர் இறங்கியது. சரிவே இல்லாத அந்தத் தரையில் அது கோடாக நீண்டு, கதவின் அடி இடுக்குக்குள் போய்க்கொண்டிருந்தது.