நாற்பத்தொரு இருமல்கள்

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்க்கா" என்றபடியே வந்து உட்கார்ந்தாள் நுஸ்ரத்.

அது மாட்டுங்காவில் அகிலாண்டத்தின் வீடு. மருத்துவமனையில் முப்பது வருடம் பதிவேடு பார்த்து ஓய்வு பெற்றவள் அகிலாண்டம். பக்கத்தில் அவள் நாத்தனார் சாதனா, எதிலும் ஒரு குற்றவாளியைப் பிடித்துவிடும் அவசரத்தில் காபியை மறந்து நின்றாள்.

நுஸ்ரத் தாராவியில் வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர். இருமலைக் கேட்டே காசநோயா இல்லையா என்று சொல்லும் புதிய செல்போன் கருவியை ஒரு கம்பெனி அவளிடம் கொடுத்திருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாகச் சொல்லுமாம். நாற்பத்தொரு வீடுகளில் வீட்டுக்கு ஒருவரை இரும வைத்தாள். அத்தனை பேருக்கும் 'நோய் இல்லை' என்றது. மனசு கேட்காமல் மூவரை மட்டும் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போனாள். மூவருக்கும் காசநோய்!

"நான் போனைத் தப்பாப் பிடிச்சேன்னு கம்பெனி சொல்லுதுக்கா. சாயங்காலத்துக்குள்ள மன்னிப்புக் கடிதத்துல கையெழுத்துப் போடலைன்னா வேலை போயிருமாம்."

"சளி டப்பாவை யாரோ மாத்திட்டா மன்னி!" என்றாள் சாதனா.

"மூணு டப்பாவை மாத்தலாம். நாற்பத்தொரு வீட்லயும் ஒரே பதில் வந்திருக்கே, அது எப்படி?" அகிலாண்டம் நுஸ்ரத்திடம் திரும்பினாள். "கருவிக்குக் கத்துக் குடுக்க, நோயாளிகள் இருமலை எங்கே பதிவு பண்ணினா?"

"எங்க கிளினிக்லதான். ஃபேன் கிறீச் கிறீச்சுன்னு கத்தும்லா, அந்த ரூம்ல."

"நோய் இல்லாதவாளோடது?"

"செம்பூர் ஆபீஸ்ல. ஏசி ரூம்."

"தொண்ணூற்றேழு மார்க் வாங்கின பரீட்சை?"

"அதுவும் அந்த ரெண்டு ரூம்லதான்க்கா."

அகிலாண்டம் டம்ளரைக் கீழே வைத்தாள். "கிளம்புங்கோ."

கிளினிக்கில், கம்பெனி அதிகாரி கௌசிக் கடிதத்தோடு காத்திருந்தார். தலைக்கு மேலே ஃபேன் கத்திக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இருமுங்கோ சார்."

இருமினார். போன் சொன்னது: 'காசநோய்.'

சாதனா தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி பின்வாங்கினாள். அகிலாண்டம் ஃபேனை நிறுத்தினாள். "மறுபடியும்."

'நோய் இல்லை.'

"ஒரு நிமிஷத்துல குணமாயிட்டேளே!"

"ஒரு தடவையை வெச்சு முடிவு பண்ண முடியாதும்மா" என்றார் கௌசிக்.

"நியாயம்தான். இன்னும் பத்து தடவை இருமுங்கோ."

இருமினார், பாவம். ஃபேன் ஓடிய ஐந்து முறையும் நோய், நின்ற ஐந்து முறையும் சௌக்கியம்.

"உங்க கருவி இருமலைக் கத்துக்கலை சார், ஃபேனைக் கத்துண்டிருக்கு. அதே ரூம்ல பரீட்சை வெச்சேள், மார்க் கொட்டித்து. வீடுகள்ல இந்த ஃபேன் ஏது? அதான் எல்லாருக்கும் நோய் இல்லைன்னுடுத்து."

நுஸ்ரத் மன்னிப்புக் கடிதத்தை எடுத்தாள். கிழிக்கவில்லை. பின்பக்கம் திருப்பி மளமளவென்று எழுதினாள்.

"மீதி முப்பத்தெட்டு பேருக்கும் நாளைக்கே சளிப் பரிசோதனைன்னு எழுதியிருக்கேன். 'உங்களுக்கு ஒண்ணுமில்ல'ன்னு அவங்க வாசல்ல நின்னு சொன்னது என் வாயி சார்." பேனாவை நீட்டினாள். "இப்ப நீங்க போடுங்க கையெழுத்து."

வந்த இருமலை அடக்கிக்கொண்டு, கௌசிக் பேனாவை வாங்கினார்.