ரென்னியின் குதிரைகள்

1871ஆம் ஆண்டு நவம்பரில், வேலையாட்கள் பண்ணை மாறும் வாரத்தில், ஃபார்க்கர் எங்கள் மில்பிரே பண்ணைக்கு வந்து சேர்ந்தான். மதியம் மூன்று மணிதான். ஸ்காட்லாந்தின் வடகோடியில் அந்த மாதத்தில் அதற்குள் வெளிச்சம் சாம்பல் நிறமாகிவிடும். மரப்பெட்டியைத் தோளில் சுமந்தபடி, லாயத்தில் சாணி வாரிக்கொண்டிருந்த என்னிடம் வந்தான்.

"இம்லாக் அண்ணன் நீங்கதானே? நான் ஃபார்க்கர். புதுசா வந்த முதல் ஏர்க்காரன்."

என்னைவிடப் பத்து வயது இளையவன். சிரித்த முகம். அந்த முகத்திலேயே மண்வெட்டியால் போட வேண்டும் போலிருந்தது.

எங்கள் பண்ணைகளில் ஏர்க்காரனுக்கு ஆளுக்கொரு ஜோடிக் குதிரை. முதல் ஏர்க்காரன்தான் முதலில் சாப்பாட்டு மேசையில் உட்காருவான், முதலில் லாயத்தை விட்டு வெளியேறுவான், வயலில் முதல் சால் ஓட்டுவான். மற்றவர்கள் அவன் பின்னால்தான். பதினோரு வருடம் நான் எங்கள் முதல் ஏர்க்காரன் ரென்னியின் பின்னால் நடந்தேன். ஒருமுறை அவனுடைய பெண்குதிரை பெக்கின் பிடரியை ஆசையாகச் சீவிவிட்டேன். என் இரண்டு பற்களை உடைத்தான்.

"என் ஜோடிய எவனும் தொடக்கூடாது," என்றான். அவ்வளவுதான்.

அவன் ஜோடியான ஜிப், பெக் இரண்டும் அவன் சொன்னபடி ஆடும். சோம்பெண்ணெயில் நனைத்த துணியை அக்குளில் வைத்துக்கொண்டு திரிவான். அந்த வாசனைக்கு அவை நாய்க்குட்டிகளைப் போல அவன் பின்னால் ஓடும். அந்த வருடம் ஆகஸ்டில் நெஞ்சில் சளி கட்டி, லாயத்தை ஒட்டிய எங்கள் அறையிலேயே செத்தான். அவனைப் புதைத்த அன்றே எஜமானிடம் போய் ஜோடியைக் கேட்டேன்.

"நீ ரெண்டாவதா நிக்கவே பொறந்தவன்டா, இம்லாக்," என்று சிரித்தார் அவர்.

ஃபார்க்கர் வந்த மறுநாள் விடியலில் ஜிப்பையும் பெக்கையும் வாசலுக்கு நடத்திக்கொண்டு வந்தான். வாசற்படியில் இரண்டும் நின்றுவிட்டன. முரண்டு பிடிக்கவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு, முன்னால் யாரோ வெளியே போகட்டும் என்று காத்திருப்பதுபோல நின்றன.

பிறகு தாமாகவே நடந்தன.

"அண்ணே, இங்க யாராச்சும் சோம்பு வச்சிருக்காங்களா? மூக்க அடைக்குது," என்றான் ஃபார்க்கர்.

"யாரும் இல்ல," என்றேன். எனக்கும் அந்த வாசனை வந்தது. உடம்பு சில்லிட்டது. ஆனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

மூன்று வாரம் உழுதோம். ஃபார்க்கரின் சால் நூல் பிடித்த மாதிரி ஓடியது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். சமையற்கட்டில் வேலைக்காரி எல்ஸ்பெத் அவன் கிண்ணத்தில் பாலை விளிம்புவரை ஊற்றினாள். எனக்குப் பாதிக் கிண்ணம். அவன் அதை என் பக்கம் நகர்த்தி, "குடிங்கண்ணே," என்றான். அந்த நல்ல மனசுதான் என்னை அதிகம் எரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்துக்குப் போயிருந்தார்கள். நான் வயிற்றுவலி என்று சொல்லி நின்றுவிட்டேன். லாயத்தில் ஜிப்புக்கும் பெக்குக்கும் நடுவே, ரென்னி வழக்கமாக நின்ற இடத்தைப் பார்த்து நின்றேன்.

"ரென்னி, பாத்தியா?" என்று கிசுகிசுத்தேன். "நேத்து வந்த பய உன் ஜோடிய ஓட்டுறான். அதுங்களும் அவன் கையிலயே ஓட்ஸ் தின்னுதுங்க. நீ சும்மா இருக்கியே."

சோம்பு வாசனை என் முகத்தில் மூச்சாக அடித்தது.

சூடான மூச்சு.

புதன்கிழமை வயலில் மூடுபனி. இரண்டு சால் தள்ளி நான் உழுதுகொண்டிருந்தேன். பத்து மணிக்கு எல்ஸ்பெத் ரொட்டிக் கூடையோடு வந்தாள்.

"ஃபார்க்கரோட குதிரைங்களுக்கு நடுவுல நடக்கறது யாரு?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லியே."

"கண்ணு அவிஞ்சு போச்சாய்யா உனக்கு? அதோ, கடிவாளத்தப் பிடிச்சுக்கிட்டு…"

 அவள் கையிலிருந்து கூடை நழுவியது.

பனிக்குள்ளிருந்து ஃபார்க்கர் கத்தினான். நான் ஓடினேன். ஜிப்பும் பெக்கும் மிரளவில்லை. காதுகளை விறைத்துக்கொண்டு, ஒரே சீராக, யாரோ முன்னால் இழுக்க ஓடுவதுபோல ஓடின. கடிவாள வார் மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள ஃபார்க்கர் கலப்பைக்கு முன்னால் விழுந்து தரையில் இழுபட்டான். கலப்பை அவன் வலக்கையின் மேல் ஏறி இறங்கியது. அதன் பிறகுதான் அவை நின்றன.

வைத்தியர் அந்தக் கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்.

மறுநாளே எஜமான் என்னைக் கூப்பிட்டு ஜோடியைக் கொடுத்தார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் முதலில் மேசையில் உட்கார்ந்தேன், முதலில் எழுந்தேன். பெக்கின் கழுத்தில் கை வைத்தபோது அவள் தோல் நடுங்கியது. தினமும் நடுங்கியது. என் கையிலிருந்து ஒரு பிடி ஓட்ஸ்கூட அவள் வாங்கவில்லை.

ஒன்பதாம் நாள், கழுத்துப்பட்டையை மாட்டும்போது, என் இடது காதருகே ஒரு குரல்.

"என்னுது."

பட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். சமையற்கட்டின் பின்னறையில் ஃபார்க்கர் படுத்திருந்தான். கட்டிலருகே மண்டியிட்டு, ஞாயிற்றுக்கிழமை லாயத்தில் நான் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. 

"கடிவாளத்துல அவன் கைய நான் பாத்தேன், இம்லாக்," என்றான். அண்ணே என்ற சொல் போய்விட்டிருந்தது. "நீ கேட்டே, அவன் செஞ்சு குடுத்தான். இனி அவன் கேப்பான். என்னத்தக் குடுப்ப?"



அன்றே ஜோடியைத் திருப்பிக் கொடுத்தேன். எஜமான் வாய்க்கு வந்தபடி திட்டினார். ஜிப்பும் பெக்கும் தெற்கே எங்கோ விலை போயின. மே மாதம் நான் மில்பிரேயை விட்டு, கடலோரத்தில் நாற்பது மைல் தள்ளி ஒரு பண்ணையில் மூன்றாவது ஏர்க்காரனாகச் சேர்ந்தேன். முப்பத்தெட்டு வயதில் கடைசி ஆளாக மேசையில் உட்கார்ந்தேன். பரவாயில்லை என்றிருந்தது.

அங்கே என் ஜோடியில் ஒன்றாக எனக்கு ஒரு இளங்குதிரை கிடைத்தது. டோல் என்று பெயர். அந்தப் பண்ணையிலேயே பிறந்தவள். உப்புக் கொடுத்து, ஏர் பழக்கி, குளம்பில் முள் ஏறியபோது மடியில் வைத்து எடுத்தது நான்தான். நான்கு வருடம். என் வாழ்க்கையில் எனக்கே எனக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

போன செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து, நல்ல வெயிலில் லாயத்துக்குள் போனேன். என்னைப் பார்த்ததும் டோல் வழக்கம்போலக் கனைத்தாள். அருகே போய்க் கையை நீட்டினேன்.

அவள் காதுகள் நிமிர்ந்தன. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

மெல்ல ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, எனக்கும் தனக்கும் நடுவே ஒரு ஆள் நிற்க இடம் விட்டாள்.

பிறகு, அந்த வெற்றிடத்தில், தோள் உயரத்தில், கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நான்கு வருடத்தில் ஒரு நாளும் என்மேல் அவள் அப்படிச் சாய்ந்ததில்லை.