பிரசவ அறையின் விளக்கு

பிரசவ அறையின் விளக்கை அங்கே யாரும் அணைப்பதில்லை. கல்வராயன் மலையின் அந்தச் சிறிய சுகாதார நிலையத்தில் இப்படியொரு விதி உண்டென்று எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சுண்ணாம்பு அடித்தவன்கூட அந்தச் சுவிட்சைச் சுற்றி ஒரு சாண் சுவரை விட்டுவிட்டுத்தான் அடித்திருந்தான். சன்னலில்லாத அறை, துருவேறிய இரும்பு மேஜை, அதன் மேலே பழைய ஹாலஜன் விளக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. பிரசவங்களை எதிர் அறையில் பார்த்தார்கள்.

சூரிய மின்சாரம் அமைக்க வந்த வீரமணிக்கு அது பொறுக்கவில்லை.

"ஒரு நிமிஷம் அணைச்சீங்கன்னா எல்.இ.டி. மாட்டிடுவேன். இது ஒண்ணே பாதி பேட்டரிய குடிச்சிடும்."

"இன்னா, உன் மாமியார் வூட்டுக் கரண்டா?" என்றாள் பணியாளர் சாலம்மாள். "சூரியன் சும்மாதான குடுக்குது? எரிஞ்சிக்கினு போவட்டும்."

திருக்கோவிலூரிலிருந்து மாற்றலாகி அப்போதுதான் வந்திருந்த செவிலியர் இசைவாணியும் கூடவே சிரித்தாள். வீரமணி தலையில் அடித்துக்கொண்டு பேட்டரி ஒன்றைக் கூடுதலாக வைத்துவிட்டு இறங்கிப்போனான்.

இப்போது ஐப்பசி மழை. பல நாட்களாகச் சூரியன் முகம் காட்டவில்லை. மரம் விழுந்து மின்கம்பிகள் அறுந்திருந்தன. மலைப்பாதையில் மண் சரிந்து ஆம்புலன்ஸ் அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. எதிர் அறையில், சூடு தரும் வார்மரின் செம்மஞ்சள் வெளிச்சத்தில், தமிழ்மொழி என்ற பெண் பெற்ற குறைமாதக் குழந்தை கிடந்தது. அந்தச் சூடு நின்றால் அதன் மூச்சும் நின்றுவிடும். இசைவாணிக்கு அது தெரியும். தெரிந்தும் எதுவும் உறைக்கவில்லை. உறக்கமின்மை அவளைத் துணிபோல் துவைத்துப் போட்டிருந்தது. விரல் நுனிகளில் உணர்வே இல்லை.

பொழுது சாயும் வேளையில் இன்வெர்ட்டர் கூவத் தொடங்கியது. நடையின் விளக்குகளையும் மின்விசிறிகளையும் அவள் ஏற்கெனவே அணைத்திருந்தாள். மிஞ்சியவை வார்மரும் அந்த ஹாலஜனும் மட்டுமே. பேட்டரி தளரத் தளர ஹாலஜன் மங்கியது. அது மங்கிய ஒவ்வொரு முறையும், ஈரச் சுவரின் பாசி நெடியையும் டெட்டாலின் காரத்தையும் மீறிக்கொண்டு வேறொரு வாசனை நடையில் பரவிற்று. வெதுவெதுப்பான, லேசாகத் தித்திக்கும் வாசனை. பனிக்குடம் உடைந்த வாசனை. தொழிலில் பழகிய மூக்கு அதை வேறெதுவென்றும் மயங்காது.

இரும்பு மேஜை ஒருமுறை முனகியது. வெளிச்சம் கூடியதும் அடங்கியது.

"சிஸ்டர், புள்ள கால் சில்லுனு ஆவுது," என்றாள் தமிழ்மொழி கட்டிலிலிருந்து.

இசைவாணி நடையில் இறங்கினாள். சாலம்மாள் வழியை மறித்தாள்.

"எங்க போறீங்க?"

"அந்த லைட்ட அணைக்க. அணைச்சா விடியிற வரைக்கும் வார்மர் ஓடும்."

"வேணாங்க." சாலம்மாள் நகரவில்லை. "சோலார் வர்றதுக்கு முன்ன ஒருத்தி வலியோட வந்து அந்த மேஜையில படுத்தா. பாதியில கரண்டு பூட்ச்சி. இருட்டுலயே செத்துட்டா, சிஸ்டர். புள்ள வெளிய வரவே இல்ல. அந்தச் சாவுக்கப்புறந்தான் சோலார் குடுத்தாங்க. அவ செத்த அன்னிக்குக் கரண்டு வந்ததும் போட்ட லைட்டு அது, அப்புறம் யாரும் அணைக்கல."

"இந்தப் புள்ளையும் போவட்டுமா, சாலம்மாக்கா?"

சாலம்மாள் வழியை விட்டு ஒதுங்கினாள். அவள் கண்கள் பிரசவ அறைக்குள் பார்ப்பதைத் தவிர்த்தன.

"நான் அணைக்கப்போறேன்," என்றாள் இசைவாணி, கட்டடம் முழுவதற்கும் கேட்கும்படி. அச்சம் வரவேண்டிய இடத்தில் ஏதுமில்லை. வெறும் களைப்பு.

சுண்ணாம்பு படாத சுவர். சுவிட்ச்.

அணைத்தாள்.

இருள். இன்வெர்ட்டர் கூவுவதை நிறுத்தியது. மழை. சாலம்மாளின் மூச்சு. தன் மூச்சு.

பிறகு, மேஜையின் மேல், மூன்றாவதாக ஒரு மூச்சு. பல்லைக் கடித்து, முக்கி, அடக்கி, விடும் மூச்சு. நகங்கள் இரும்பைக் கீறின. ஏதோ வழுக்கியது. ஈரமாக.

நிம்மதியாய் ஒரு பெருமூச்சு. அத்தோடு அடங்கியது.

"சிஸ்டர்." எதிர் அறையிலிருந்து தமிழ்மொழியின் குரல். பதற்றமில்லை, உறக்கக் கலக்கம் மட்டுமே. "எம் புள்ள பக்கத்துல யாரு புள்ளய படுக்க வெச்சீங்க?"

இசைவாணி வாசலில் போய் நின்றாள். வார்மரின் வெளிச்சம் சற்றும் குறையாமல் எரிந்தது. அதன் கீழே இரண்டு குழந்தைகள், ஒன்றையொன்று பார்த்தபடி. ஒரே அளவு. ஒரே முகம். இரண்டின் மேலும் ஈரம். ஒன்றின் விரல்கள் மற்றதன் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தன. ஒரு குழந்தையின் தோல் மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. மற்றது நீலமாகிக்கொண்டிருந்தது.

அவள் கைகளை நீட்டினாள். எது தமிழ்மொழியின் குழந்தை, எதைத் தூக்குவதென்று தெரியவில்லை.