மூக்கு வழியா மூச்சு விடுங்க

பிணம் அமைதியாகத்தான் கிடந்தது. இன்ஸ்பெக்டரின் கடைவாய்ப் பல்தான் கத்திக்கொண்டிருந்தது.

அது பதினாறு நாட்களுக்கு முன்பு.

பல் டாக்டர் வீட்டுச் சமையலறை. தரையில் டாக்டரின் மனைவி. கழுத்தில் இஸ்திரிப் பெட்டியின் ஒயர். படுக்கையறையில் பீரோ கலைந்து கிடந்தது. நகைகள் இல்லை. இறந்த நேரம், மதியம் மூன்றிலிருந்து மூன்றரைக்குள்.

அந்த அரை மணி நேரமும் டாக்டர் கிளினிக்கில் இருந்தார். ஒரு டெய்லருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். டெய்லர் அடித்துச் சொன்னார்.

"ஒரு நிமிஷம்கூட நகரலைங்க. பக்கத்துலயே நின்னாரு. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள பல்லு கையில இருந்துச்சு."

ஆக, யாரோ திருடன். கேஸ் கட்டை மூடிவிடலாம். டாக்டரின் கையெழுத்து ஒன்று பாக்கி.

இன்று அதற்காகத்தான் கிளினிக்குக்கு வந்திருந்தார் இன்ஸ்பெக்டர்.

"ஐயா, கன்னம் பந்து மாதிரி இருக்கு" என்றான் கான்ஸ்டபிள். ஆறடி மூன்றங்குலம். ஸ்டேஷனில் அவனுக்கு நெட்டை என்றுதான் பெயர். "அப்படியே பல்லையும் காட்டிடுங்க."

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

"கத்தி வெச்சிருந்தவனை வெறுங்கையால பிடிச்சீங்க. பல் டாக்டரைப் பார்த்து நடுங்கறீங்களே."

"கத்தி வெச்சிருந்தவன் என்னை வாயைத் திறக்கச் சொல்லலை."

இன்ஸ்பெக்டர் ஈரமான கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நெட்டை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிவிட்டுக் கன்னத்தைப் பார்த்தார்.

"எத்தனை நாளா சார்?"

"மூணு வாரம்."

"பயமா?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பார்த்தார். அது படுக்கை மாதிரி நீண்டு, அவருக்காகவே காத்திருந்தது.

"பத்துப் பேர் வந்தா நாலு பேருக்கு இந்தப் பயம் உண்டு. வெட்கப்படாதீங்க. மூணு வழி இருக்கு." டாக்டர் விரலை மடக்கினார். "ஒண்ணு, சிரிப்பு வாயு. மூக்குல மாஸ்க். முழிச்சுத்தான் இருப்பீங்க, ஆனா எதுவும் கவலையா தெரியாது. நிறுத்திட்டு அஞ்சு நிமிஷம் ஆக்சிஜன் குடுத்தா போதும், நீங்களே ஜீப் ஓட்டிட்டுப் போகலாம்."

"ரெண்டாவது?"

"மாத்திரை. ஒரு மணி நேரம் முன்னாடியே போடணும். தூக்கக் கலக்கம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆள் வேணும்."

"மூணு?"

"நரம்புல ஊசி. கூப்பிட்டா பதில் சொல்வீங்க, வாயைத் திறன்னா திறப்பீங்க. ஆனா அப்புறம் ஒண்ணும் ஞாபகம் இருக்காது. அந்த ஒரு மணி நேரம் உங்க வாழ்க்கையிலேர்ந்தே காணாமப் போயிடும். கண்ணை மூடித் திறந்த மாதிரி இருக்கும்."

"வாயுவே போதும் டாக்டர். ஊசி பார்த்தாலே எனக்கு ஆகாது."

"சிஸ்டர், நீங்க சாப்பிடப் போங்க. நான் பார்த்துக்கறேன்."

உதவியாளர் கையில் ஒரு அட்டையும் பேனாவும் இருந்தன. "கேள்வியெல்லாம் இன்னும் கேட்கலையே டாக்டர்..."

"நான் பார்த்துக்கறேன்னு சொன்னேனே."

அவள் அட்டையை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள்.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. தலை கீழே, கால் மேலே. விரலில் ஒரு கிளிப். பக்கத்துப் பெட்டியில் பச்சை எண், 84. நாடித்துடிப்பு. மூக்கின் மேல் ரப்பர் மாஸ்க் உட்கார்ந்தது. பற்களுக்கு நடுவில் ஒரு ரப்பர்க் கட்டை. இனி வாயை மூட முடியாது. பேசவும் முடியாது.

"மூக்கு வழியா மூச்சு விடுங்க. இழுத்து... விடுங்க."

இன்ஸ்பெக்டர் மேலே வெள்ளை விளக்கைப் பார்த்தார்.

கண்ணை மூடித் திறந்த மாதிரி இருக்கும்.

இதை எங்கே கேட்டோம்?

டெய்லர்!

பச்சை எண் 97 ஆனது. பிறகு 110. பிறகு 121.

டாக்டர் அதைப் பார்த்தார். மெதுவாக இன்ஸ்பெக்டரின் கண்களைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"என்ன சார்... டெய்லர் ஞாபகம் வந்துடுச்சா?"

இன்ஸ்பெக்டரின் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. அது வார்த்தையாக ஆகவில்லை.

டாக்டர் எழுந்தார். கதவுக்குப் போனார். தாழ்ப்பாள் விழும் சத்தம். திரும்பி வந்து வாயுக் குமிழைக் கடைசி வரை திருகினார்.

"எழுந்திருக்காதீங்க. தலை சுத்தி விழுவீங்க. நல்லா மூச்சு விடுங்க."

இன்ஸ்பெக்டரின் கால் உதைத்தது. கை நாற்காலிப் பிடியைப் பற்றியது. டாக்டர் அவர் மார்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, மாஸ்க்கை மூக்கோடு அழுத்திப் பிடித்தார்.

ஒரு நிமிடம் போனது.

பற்றிய விரல்கள் தளர்ந்தன. உதைத்த கால் ஓய்ந்தது.

இன்னும் ஒரு நிமிடம்.

"ஹெ..." என்றார் இன்ஸ்பெக்டர். "ஹெ... ஹெ..."

பச்சை எண் இறங்கியது. 112... 99... 86.

டாக்டர் முழங்கையை எடுத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அப்படித்தான். சிரிங்க. இப்ப உங்களுக்கு எல்லாமே தமாஷாத்தான் இருக்கும்." சுழல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "பதினாறு நாளா யார்கிட்டயும் சொல்லலை சார். உங்ககிட்ட சொன்னா என்ன? நீங்க எங்கயும் போகப் போறதில்லை."

"ஹெ..."

"டைவர்ஸ் கேட்டா. இந்த கிளினிக் அவ பேர்ல இருக்கு. நான் என்ன, பிடுங்கின பல்லையெல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு வெளியே போறதா?"

அலமாரியைத் திறந்தார். கண்ணாடிக் குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

"சிஸ்டருக்கு அன்னிக்கு லீவு. டெய்லர் பெண்சாதி வாசல் பெஞ்சுல. டெய்லருக்கு அந்த மூணாவது ஊசியைப் போட்டுட்டு நான் பின்பக்கமா போனேன். ரெண்டு தெரு. போக அஞ்சு நிமிஷம், வர அஞ்சு நிமிஷம், அங்க ஏழு நிமிஷம். வந்து பல்லைப் பிடுங்கினேன். 'பார்த்தீங்களா, ஒரு நிமிஷம்கூட உங்களை விட்டு நகரலை'ன்னு அவர் கண்ணைத் திறந்ததும் சொன்னேன். பாவம், பொய் சொல்லத் தெரியாத மனுஷன். நான் சொன்னதைத்தான் உங்ககிட்ட சொன்னார்."

சிரிஞ்சு நிரம்பியது.

"ஊசி போட்ட ஆளைத் தனியா விட்டுட்டுப் போகவே கூடாது சார். மூச்சு நின்னுடலாம். படிக்கறப்ப முதல்ல சொல்லிக் குடுக்கற பாடம் அது." இன்ஸ்பெக்டரின் இடக் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். "உங்களுக்கு நாலு மடங்கு. ஊசிதான் வேணும்னு கேட்டீங்க, உடம்பு தாங்கலை. இதயக் கோளாறு இருக்கறதை மறைச்சுட்டீங்க. நான் அழுவேன். நல்லாவே அழுவேன்... போன தடவை நீங்களே பார்த்தீங்களே."

நரம்பு புடைத்தது. ஊசி முனை தோலைத் தொட்டது.

"நல்லா மூச்சு விடுங்க சார். கடைசியா ஒரு தடவை."

வலக் கை எழுந்தது.

டாக்டரின் மணிக்கட்டு அதற்குள் அகப்பட்டது. எலும்பு நொறுங்குகிற மாதிரியான பிடி. விரலிலிருந்து கிளிப் தெறித்து விழ, பெட்டி வீரிட்டு அலறியது.

"ஐயா?" வெளியே நெட்டையின் குரல். பிறகு அவன் தோள் கதவில் மோதிய சத்தம். இரண்டாவது மோதலில் தாழ்ப்பாள் பிய்ந்தது.

அவன் பார்த்தது இதுதான். சுவரோடு சாய்த்து வைக்கப்பட்ட டாக்டர். டாக்டரின் கையில் நிரம்பிய சிரிஞ்சு. அந்தக் கையைப் பிடித்தபடி, வாயில் ரப்பர்க் கட்டையோடு இன்ஸ்பெக்டர்.

"சிரிஞ்சைப் பத்திரமா வாங்கு" என்றார் இன்ஸ்பெக்டர், கட்டையைத் துப்பிவிட்டு. "நாலு குப்பி. எண்ணிக்கோ."

டாக்டரின் உதடு உலர்ந்திருந்தது. "வாயு... ஃபுல்லா வெச்சேனே. நாடி இறங்கிச்சே. நான் பார்த்தேனே."

"ஸ்டேஷன்ல வருஷாவருஷம் சாமான் கணக்கெடுப்பு உண்டு. அதை மனசுல எடுத்தேன். நாற்காலி எட்டு, அதுல கால் உடைஞ்சது மூணு. வாளி ரெண்டு, ஓட்டை ஒண்ணு. அதை விடத் தூக்கம் வர்ற வேலை உலகத்துல இல்லை. சிரிப்புதான் கஷ்டமா இருந்துச்சு."

வாசலில் காலடிச் சத்தம். உதவியாளர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். உடைந்த கதவைப் பார்த்தாள். டாக்டரின் கையில் மாட்டியிருந்த விலங்கைப் பார்த்தாள். வாயுப் பெட்டியில் தொங்கிய ரப்பர்ப் பையைப் பார்த்தாள். மூச்சுக்கு மூச்சு சுருங்கி விரிய வேண்டிய பை. அது ஊதி வைத்த பலூன் மாதிரி அசையாமல் நின்றது. அதைக் கவனிப்பது எப்போதும் அவள் வேலை.

மேஜை மேலிருந்த அட்டையை எடுத்தாள். ஒரு கட்டம்கூட நிரப்பப்படவில்லை.

"முதல் கேள்வியைக்கூட கேட்கலையா டாக்டர்?"

"என்ன கேள்வி?" என்றான் நெட்டை.

அவள் படித்தாள். "ஜலதோஷம், மூக்கடைப்பு இருக்கா?"

இன்ஸ்பெக்டர் ஈரக் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். ஒரு பலனும் இல்லை.

"நாலு நாளா ரெண்டு பக்கமும் அடைப்பு. நீங்க குடுத்ததுல ஒரு சொட்டு உள்ள போகலை டாக்டர். மூச்செல்லாம் வாய் வழியாத்தான். அதுக்கும் கட்டை வெச்சு வழி பண்ணிக் குடுத்தது நீங்கதான்."

டாக்டர் கண்களை மூடிக்கொண்டார்.

நெட்டை அவரை வாசல் பக்கம் தள்ளினான். பிறகு தயங்கி நின்றான். "ஐயா... அப்ப உங்க பல்லு?"

இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். இப்போதுதான் அது மறுபடி கத்த ஆரம்பித்திருந்தது.

"முதல்ல இவரைக் கூட்டிட்டுப் போ. ஸ்டேஷன்ல வாயு, மாத்திரை, ஊசி எதுவும் கிடையாது. டாக்டர் ஐயா முழு முழிப்போட உட்கார்ந்து, வாயை நல்லாத் திறக்கட்டும்."